பாட்டுக்கும் ஒரு பேர் போடுவோம்



அம்மாயியை ஸ்டூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனது என் பிழை. இந்த இதழை நம்முடைய பாட்டுகளுக்கென்று ஒதுக்கும் எண்ணமே அந்தப் பிழையிலிருந்துதான் வந்தது. அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தோட்டத்தின் பணியக் கணக்கில் (கீழ் டிவிஷனில்), தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் இருக்கிறார் அவர். எண்பது வயதை நெருங்குகிறது. எனக்கு இரத்த உறவு ஒன்றுமில்லை. ஆனாலும் அந்த லயத்தில் எல்லாருக்கும் அவர் அம்மாயி, அவருக்கு எல்லாரும் "சாமி". தாலாட்டு, கும்மி, கொழுந்துப் பாட்டு, ஒப்பாரி என்று அவரிடம் மூட்டை மூட்டையாக இருக்கிறது. பாதி, அவருடைய அம்மாவிடம் கேட்டது. மீதியை அவரே கட்டியிருக்கிறார். அரைப்பேர் (அரை நாள் கூலி) போட்ட கணக்கப்பிள்ளையைப் பற்றி ஒன்று, கவ்வாத்து மலையில் அட்டை கடித்த கதை ஒன்று, கப்பலேறிப் போய்த் திரும்பி வராத அக்காவைப் பற்றி ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாதவர் கட்டிய பாட்டுகள். ஒரு சொல்லைக்கூட எடுத்துவிட முடியாது.

முதல் முறை அவருடைய லய அறையான காம்பராவில் வைத்தே போனில் பதிந்தோம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் விழுந்த மழை பாட்டை முழுக்க மூடிவிட்டது. அடுத்த முறை வெயில் நாளாகப் பார்த்துப் போனால், பக்கத்துக் காம்பராவில் டீவி, இஸ்தோப்பில் (திண்ணையில்) சேவல். நல்ல முறையில் செய்வோம் என்று மூன்றாவது தடவை டவுனில் உள்ள ஒரு ஸ்டூடியோவை மணிக்கணக்குக்கு எடுத்தோம்.

சுவரெல்லாம் பஞ்சு வைத்து அடைத்த சின்ன அறை. அம்மாயி தன்னிடம் இருந்த நல்ல சீலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். காதில் ஹெட்போனை மாட்டினார்கள். அதற்குள் டிக் டிக் என்று ஒரு தாளம் ஓடும், அதை ஒட்டிப் பாட வேண்டும் என்றார்கள். அவரோ மூச்சு எங்கே முடிகிறதோ அங்கே அடியை முடிக்கிறவர். ஒரு இடத்தில் இழுப்பார், ஒரு இடத்தில் ஓடுவார். இரண்டு அடி பாடிவிட்டு நிறுத்தினார். கண்ணாடிக்கு அப்பால் நின்ற எங்களைப் பார்த்து, "எடுத்துப் பாட ஆளெங்க சாமி?" என்றார்.

அவர் மறந்துவிட்டார் என்று நினைத்து, "பரவாயில்லம்மா, மறுபடி எடுக்கலாம்" என்றார் அங்கிருந்த பையன். நல்ல பிள்ளைதான். அவர் கற்ற தொழில் அப்படி. அம்மாயியின் கைகள் மடியில் கிடந்தன. அந்தக் கைகள் சும்மா இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஒப்பாரி ஒன்று பாடச் சொன்னோம். எழுந்தேவிட்டார். "சாவு விழாத எடத்துல அதப் பாடக்கூடாது. இந்த வீட்டுக்காரங்களுக்கும் புள்ளகுட்டி இருக்குமில்ல?" என்றார்.

அன்று ஒன்றும் பதியாமல் திரும்பினோம். பஸ்ஸில் பெரகலைச் சந்தி வரும்வரை யாரும் பேசவில்லை. பாட்டைப் பதிவதென்றால் குரலைப் பிடிப்பது என்று நான் நினைத்திருந்தேன். எடுத்துப் பாடுகிற இன்னொரு பெண், விரலுக்கு ஒரு வேலை, எதை எங்கே பாடலாம் என்ற முறை எல்லாம் சேர்ந்துதான் அம்மாயிக்குப் பாட்டு. இதையெல்லாம் வெளியே விட்டுவிட்டு வரச்சொன்னால் அவர் எதைப் பாடுவார்?

நம் பாட்டுகள் காகிதத்தில் ஏறிய கதை பழையது. 1930களில் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரோடு தோட்டம் தோட்டமாகப் போன அவருடைய மனைவி மீனாட்சியம்மை, கூட்டங்களில் தாமே கட்டிய பாட்டுகளைப் பாடினார். சனங்களின் காதுக்குப் பழகிய மெட்டு, அதற்குள் சம்பளமும் உரிமையும் பற்றிய சொல். பேச்சைக் கேட்க நேரமில்லாதவர்களும் பாட்டைக் கேட்க நின்றார்கள். 1940இல் அவை ஒரு சிறு நூலாக அச்சாயின. தானே எழுதித் தானே பாடும் கலைஞர் என்று இன்று யார் யாரையோ கொண்டாடுகிறோம். மலையகத்தில் அந்த வரிசையின் முதல் ஆள் மீனாட்சியம்மை என்பது என் முடிவு. 1926இல் கொழும்பு நாடக மேடையில் சந்தித்த கே.பி. சுந்தராம்பாளின் குரலையும் எஸ்.ஜி. கிட்டப்பாவின் குரலையும் நாம் இன்றும் இசைத்தட்டில் கேட்கலாம். மீனாட்சியம்மை நமக்கு அச்செழுத்தாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறார்.

அடுத்தவர் சி.வி. வேலுப்பிள்ளை. 1914இல் மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்தவர், 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றத்துக்குப் போனவர். தொழிற்சங்க வேலையாக லயம் லயமாக ஏறி இறங்கியபோது காதில் விழுந்த பாட்டுகளைச் சேர்த்து வைத்தார். 1983இல் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' புத்தகமானது. அடுத்த வருடம் அவர் காலமானார். அந்தப் புத்தகம் இல்லையென்றால் நம்முடைய பாட்டி, பூட்டிகளின் சொல்லில் பாதி போயிருக்கும். அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு ஏக்கமும் கூடவே வரும். சொல் இருக்கிறது. அந்தச் சொல்லை இழுத்த குரல் எந்த மலையில் எப்படி இழுத்தது, எங்கே மூச்சு வாங்கியது என்பதை அச்சால் சொல்ல முடியாது.

இசைத்தட்டு வந்த காலத்தில் அது நம் பக்கம் திரும்பாததற்குக் கருவியிலேயே ஒரு காரணம் இருந்தது. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் பழைய தட்டில் ஒரு பக்கத்துக்குப் பெரும்பாலும் மூன்று நிமிடம், மூன்றரை நிமிடம்தான். மாசி மாதக் காமன் கூத்து விடிய விடிய நடக்கிறது. பொன்னர் சங்கரும் அப்படித்தான். தப்பு சூடேறவே மூன்று நிமிடம் போதாது. பெரிய காரணம் வேறு. தட்டு போடுகிறவன் தட்டு வாங்குகிறவனைத்தான் பார்ப்பான். அரைப்பேருக்கு வேலை செய்த சனத்திடம் கிராமபோன் ஏது?

வானொலி வந்தது. 1925 டிசம்பரில் கொழும்பில் தொடங்கிய ஒலிபரப்பு, பிறகு ரேடியோ சிலோன் என்று தென்னிந்தியா முழுக்கக் கேட்ட குரலாக வளர்ந்தது. மதராஸ் சினிமாப் பாட்டு அந்த வழியாக நம் லயங்களுக்குள் வந்து குடியேறியது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை, அந்தப் பாட்டுகளோடுதான் நானும் வளர்ந்தேன். ஆனால் ஸ்டூடியோ வாசலில் யாருடைய இலக்கணம் நிற்கிறது என்ற கேள்வி அப்போதே எழுந்திருக்கிறது. 1952இல் இந்துஸ்தானி இசை வல்லுநர் ரதஞ்சங்கர் வந்து ரேடியோ சிலோன் பாடகர்களுக்குக் குரல் தேர்வு வைத்தார். சிங்களப் பாட்டுக்குத் தனி வழி கண்ட சுனில் சாந்த அந்தத் தேர்வுக்கு நிற்க மறுத்தார். வானொலி வாசல் அவருக்கு மூடியது. எழுதி, இசையமைத்து, பாடவும் தெரிந்த ஒருவர் தன் பாட்டை வேறொருவர் தராசில் வைக்க மாட்டேன் என்று சொன்ன கதை அது. பஞ்சு அடைத்த அறையிலிருந்து அம்மாயி எழுந்து வந்தபோது எனக்குச் சுனில் சாந்ததான் ஞாபகத்துக்கு வந்தார்.

எழுபதுகளில் நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் கிதாரோடு வந்தார்கள். 'சின்ன மாமியே'யும் 'சுராங்கனி'யும் நம் கல்யாண வீடுகளிலும் ஆடின. 1975இல் வி.பி. கணேசன் தோட்டத்து வாழ்க்கையை 'புதிய காற்று' என்று படமாக எடுத்தார். கதை வசனம் எழுதிய தெளிவத்தை ஜோசப், நம் பதுளைப் பக்கத்து ஊவாக் கட்டவளைத் தோட்டத்தில் பிறந்தவர். கொழும்பில் பாட்டு பதியும் வேலை நடக்காமல் இல்லை. மலையேறி வந்து கொழுந்துக்காரியின் முன்னால் மைக்கை வைக்கும் வேலைதான் அரிதாக நடந்தது.

அந்த வேலையை நம்மை அறியாமல் நாமே செய்தோம். எண்பதுகளில் நம் பெண்கள் குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். முதல் லீவில் வரும்போது தோளில் டேப் ரெக்கார்டர் தொங்கும். எழுதத் தெரியாத தாய்மார் கடிதத்துக்குப் பதில் கசெட் அனுப்பினார்கள். எங்கள் லயத்தில் ஒரு அக்கா குவைத்திலிருந்து அனுப்பிய கசெட் எனக்கு இப்போதும் கேட்கிறது. முதலில் எல்லாருடைய பேரையும் சொல்லிச் சுகம் விசாரிப்பார். மாமியாரிடம் சீட்டுக்காசு கட்டிவிட்டீர்களா என்று கேட்பார். பிறகு சத்தம் குறையும். வேலை செய்யும் வீட்டில் யாருக்கும் கேட்காமல், கைக்குழந்தையாக விட்டுவிட்டுப் போன மகனுக்குத் தாலாட்டுப் பாடுவார். பின்னால் ஏசி ஓடும் இரைச்சல். ராத்திரி ராத்திரி அதைப் போட்டுத்தான் பிள்ளையைத் தூங்க வைத்தார்கள். பிள்ளை வளர்ந்த பிறகு யாரோ அதன் மேல் சினிமாப் பாட்டைப் பதிந்துவிட்டார்கள். அந்தத் தாலாட்டை அந்த அக்காவே கட்டியிருந்தார். நாட்டார் இசையில் நான் கேட்ட மிகச் சிறந்த ஒலிப்பதிவு அதுதான். இன்றைக்கு அது இல்லை.

இனி நம் பாட்டு ஸ்டூடியோவுக்குள் உண்மையிலேயே நுழைந்த கதைக்கு வருகிறேன். அது நடந்தது கடலுக்கு அப்பால்.

1964 ஒக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. தலைமன்னார்வரை ரயிலில் அழுதுகொண்டே போய், அங்கிருந்து கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் நின்று, நீலகிரி என்றும் வேறு ஊர் என்றும் பிரிந்து போனவர்கள் நம் சனம். அம்மாயியின் அக்காவும் அந்தக் கப்பலில்தான் போனார். இப்படி இங்கே தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு அங்கே போய்ச் சேர்ந்தவர்களில் ஒருவர் வள்ளியம்மாள். அவருடைய பேரன், அரக்கோணத்துப் பிள்ளை, பாடகர் அறிவு.

அறிவு முதலில் கையில் எடுத்தது ராப். 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'த காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு மேடையேறியபோது அதில் ஒருவராக நின்றார். திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் உருவாக்கிய குழு அது. கானாவும் பறையும் ராப்பும் ஒரே மேடையில் கலந்தன. 2019இல் இசைத் தயாரிப்பாளர் ஓஃப்ரோவுடன் சேர்ந்து 'தெருக்குரல்' என்ற ஆல்பம். அது முழுக்க ஒரு இளைஞனின் கோபம். 2021 மார்ச்சில் வந்த 'என்ஜாய் எஞ்சாமி'யில் அந்தக் கோபத்துக்கு அடியில் இருந்த பாட்டி எழுந்து வந்தார். பாடகி தீயோடு சேர்ந்து பாடியது, சந்தோஷ் நாராயணன் இசைத் தயாரிப்பு, மாஜா நிறுவன வெளியீடு. தலைப்பில் இருக்கும் 'எஞ்சாமி' நம் லயத்து அம்மாயிகளின் வாயில் இருக்கும் அதே 'என் சாமி'தான். காணொளியில் வள்ளியம்மாளையே உட்கார வைத்திருந்தார்கள். யூடியூப்பில் 40 கோடித் தடவைக்கு மேல் பார்த்துவிட்டார்கள். தேயிலைக்குக் காடு வெட்டிய சனத்தின் கதையும் ஒப்பாரியும் உலகமெல்லாம் ஆட்டம் போட வைக்கும் தாளத்தில் ஏறின. முதல் தடவை நான் கேட்டது ஹப்புத்தளை பஸ் ஸ்டாண்டில், ஒரு பையனின் போனில். அவனுக்கு அது நம் கதை என்று தெரியாது. சொன்னேன். "நெசமா சேர்?" என்று மறுபடியும் முதலிலிருந்து போட்டான்.

அந்தப் பாட்டின் பின்கதையையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். அது யாருடைய பாட்டு என்ற பேச்சு 2022இல் வெளியே வந்தது. தாமே மெட்டமைத்து எழுதிப் பாடியதாகவும் ஆறு மாத உழைப்பு என்றும் அறிவு எழுதினார். தீயும் சந்தோஷ் நாராயணனும் தங்கள் பங்கை விளக்கினார்கள். 2024 மார்ச்சில், அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு வருமானம் எதுவும் வந்து சேரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் பகிரங்கமாகச் சொன்னார். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. என் மனசில் நிற்பது, அதே 2024இல் அறிவு தம் ஆல்பத்துக்கு வைத்த பேர்: 'வள்ளியம்மா பேராண்டி'. பாட்டியின் பேரைத் தலைப்பிலேயே ஏற்றிவிட்டார். இனி யாரும் அதை உரித்து எடுக்க முடியாது.

இது நமக்கு மட்டும் வந்த பாடில்லை. 1933இல் அமெரிக்காவில் நாட்டார் பாட்டுச் சேகரித்த ஜோன் லோமக்ஸும் மகன் அலனும் சுமார் 140 கிலோ எடையுள்ள பதிவுக் கருவியைக் காரில் ஏற்றிக்கொண்டு தெற்குச் சிறைகளுக்குப் போனார்கள். கருவியைப் பாடுகிறவனிடம் கொண்டுபோனார்களே, அதற்காக அவர்களைக் கும்பிடலாம். லூசியானாச் சிறையொன்றில் அவர்கள் கண்ட கறுப்பினப் பாடகர்தான் லெட் பெல்லி. அவர் பாடிய 'குட்நைட் ஐரீன்' 1950இல் வேறொரு குழுவின் குரலில் அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது. அவர் 1949 டிசம்பரில் இறந்துபோயிருந்தார். பாட்டின் உரிமையில் அவர் பேருக்குப் பக்கத்தில் லோமக்ஸின் பேரும் இருந்தது.

தோட்டத்தில் 'பேர்' என்றால் என்னவென்று வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். வரவுப் பதிவேடான செக்ரோலில் அன்றைக்குப் பேர் விழுந்தால்தான் கூலி. கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். "இன்னைக்குப் பேர் போட்டாங்களா?" என்பதுதான் மலையிலிருந்து இறங்குகிறவளிடம் கேட்கும் முதல் கேள்வி. பேருக்காக இத்தனை பாடுபட்ட சனம், தன் பாட்டுக்குப் பேர் போட ஒரு நாளும் கேட்கவில்லை. 'மலையக நாட்டார் பாடல்' என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிடுகிறோம். நானும் நம் பத்திரிகையிலேயே பல தடவை அப்படி அச்சடித்திருக்கிறேன். கட்டிய பெண் அப்போது உயிரோடு, இரண்டு மலை தள்ளி இருந்திருப்பாள். இனி அப்படிச் செய்ய மாட்டோம்.

நாலாவது தடவை அம்மாயியைக் கொழுந்து மலைக்கே கூட்டிப்போனோம். வேலை முடிந்த மூன்று மணி, காற்றில்லாத நாள். எடுத்துப் பாட அவருடைய பழைய கூட்டாளி ஒருவரும் வந்தார். போனுக்கு ஒரு துண்டுத் துணியைச் சுற்றி, இருவருக்கும் நடுவில் தேயிலைச் செடியின் மேல் வைத்தோம். அம்மாயி இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டார். கை கொழுந்துக்குப் போனது, வாய் பாட்டுக்குப் போனது. அவர் ஒரு அடி விட, கூட்டாளி அதை வாங்கி மேலே ஏற்றினார். பதிவில் கொழுந்து முறியும் சின்னச் சத்தம்கூட விழுந்திருக்கிறது. தூரத்தில் வெல்லவாய ரோட்டில் ஒரு லொறி ஹோர்ன் அடிக்கிறது. அதை அழிக்கவில்லை.

அக்காவின் பாட்டைப் பாடி முடித்ததும் இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பதிவு ஓடும்போதே அம்மாயி தன் பேரைச் சொன்னார், தகப்பன் பேர், தோட்டம், டிவிஷன், பாட்டைக் கட்டிய வருசம் எல்லாவற்றையும் சொன்னார். அச்சில் போடுவதற்கு அக்காவின் பிள்ளைகளிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடு என்று சொல்லியிருக்கிறார். அந்தச் சம்மதத்துக்காக, அவர்கள் இருக்கும் கூடலூருக்குக் கடிதம் போயிருக்கிறது. பதில் வரும்வரை அம்மாயியின் பேர் இந்தப் பக்கத்தில் வராது. ஒலிப்பதிவில் இருக்கிறது.

2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, எத்தனை குரல்கள் மண்ணுக்குள் போயின என்று ஹல்துமுல்லைக்காரர்களான நமக்குச் சொல்லத் தேவையில்லை. 2023இல் நாம் வந்து 200 வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தார்கள். அந்த இருநூறு வருடத்துப் பாட்டில் குரலோடு நம் கையில் இருப்பது கொஞ்சம்தான்.

ஆகவே, வாசகர்களே, ஒரு வேலை கேட்கிறேன். உங்கள் லயத்தில், பக்கத்து டிவிஷனில், பாடத் தெரிந்த ஒரு அம்மாயியையோ அப்பாயியையோ தப்புக்காரத் தாத்தாவையோ போய்ப் பாருங்கள். சம்மதம் கேளுங்கள். அவர் பாடும் இடத்திலேயே பதியுங்கள், எடுத்துப் பாடுகிறவரையும் கூட வையுங்கள், ஒப்பாரி என்றால் எங்கே பாடலாம் என்று அவரிடமே கேளுங்கள். தொடங்கும்போது அவர் பேர், தோட்டம், தேதி, பாட்டைக் கட்டியவர் பேர் ஆகியவற்றை அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். ஒரு பிரதியை அவர் வீட்டாரிடம் கொடுத்துவிட்டு மற்றதை எங்களுக்கு அனுப்புங்கள். வருகிற ஒவ்வொன்றையும் பாடியவர் பேரோடு பதிந்து வைக்க ஒரு புதுக் கொப்பி வாங்கியிருக்கிறோம். முதல் பக்கத்தில் அம்மாயியின் பேர் எழுதியாகிவிட்டது. இரண்டாவது பக்கம் உங்களுக்காக.

அன்புடன்,
ஆசிரியர்